‘2018 மாடல்’ என்றால் எந்த வண்டி? ஒரு பழைய ஸ்விஃப்ட் வாங்கிய கதை

"சார், 2018 மாடல் ஸ்விஃப்ட். சிங்கிள் ஓனர். எழுபதாயிரம்தான் ஓடியிருக்கு. நேர்ல வந்து பாருங்க, விடமாட்டீங்க" என்று புரோக்கர் போனில் சொன்னார். அதை நம்பி, 2025 ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலை அக்காவையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு திருச்சியில் தஞ்சாவூர் ரோட்டோரம் இருந்த ஒரு கார் கன்சல்டிங்குக்குப் போனேன். வெள்ளை வண்டி. கழுவித் துடைத்து, டயருக்குப் பாலிஷ் போட்டு, வெயில் படும்படி நிறுத்தியிருந்தார்கள். பத்தடி தள்ளி நின்றபோதே எனக்கு உறுத்தியது பின்கதவுக் கைப்பிடி. எல்லாக் கார்களிலும் இருப்பது போல அது கதவின் நடுவிலேயே இருந்தது.

2018 பிப்ரவரியில் வந்த மூன்றாம் தலைமுறை ஸ்விஃப்டில் அது அங்கே இருக்காது. ஜன்னலை ஒட்டி, மேலே, கறுப்பு பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்காக ஒளிந்திருக்கும். முதல்தடவை ஏறுகிறவர்கள் கதவைத் தடவித் தேடுவார்கள். 2024 மே மாதம் நான்காம் தலைமுறை வந்தபோதுதான் கைப்பிடி மறுபடி கதவுக்கு இறங்கியது. அப்படியென்றால் என் முன்னால் நின்றது இரண்டாம் தலைமுறை வண்டி. ‘2018 மாடல்’ எப்படி ஆனது?

ஆர்சி கார்டை வாங்கிப் பார்த்தேன். பதிவான தேதி 2018 ஜனவரி. தயாரான மாதம் 2017 நவம்பர். புரோக்கர் பொய் சொல்லவில்லை. பதிவு வருஷத்தைச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். புது ஸ்விஃப்ட் வரப்போகிறது என்று ஊரெல்லாம் தெரிந்த நேரத்தில், யாரோ தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு ஷோரூமில் மிச்சமிருந்த பழைய உருவத்தை வாங்கியிருக்கிறார்கள். வாங்கினவர் செய்தது புத்திசாலித்தனம். ஏழு வருஷம் கழித்து அதைப் புது உருவத்தின் விலைக்கு வாங்க நின்ற நாங்கள்தான் ஏமாளியாகியிருப்போம்.

அன்றிலிருந்து மூன்று மாதம், மூன்று ஸ்விஃப்ட். கடைசி வண்டி இப்போது ஸ்ரீரங்கத்தில் அக்கா வீட்டு வாசலில் நிற்கிறது. பழைய கார் தேடுகிற பலரும் என்னிடம் ‘எந்த வருஷ மாடல் நல்லது?’ என்றே கேட்கிறார்கள். கேள்வி அரைகுறை. எந்த மாதம் தயாரானது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

தேவை என்ன?

அக்கா பள்ளி ஆசிரியை. போக வர ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர். இத்தனை நாள் பஸ். முழங்கால் வலி வந்த பிறகு கார். ஓட்டுநர் பயிற்சி முடித்து லைசென்ஸ் கையில் இருந்தது, தைரியம்தான் இல்லை. கையில் இருந்தது ஐந்து லட்சம், அதில் வண்டிக்கு மேல் ஆகும் செலவும் அடங்க வேண்டும். மாமாவுக்கு டீசல் ஆசை. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கு டீசல் எதற்கு என்று கணக்குப் போட்டுக் காட்டியதும் அமைதியானார். போதாக்குறைக்கு, 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததோடு மாருதி டீசல் வண்டிகளையே நிறுத்திவிட்டது. அந்த 1.3 லிட்டர் எஞ்சின் அருமையான எஞ்சின், மறுப்பதற்கில்லை. ஆனால் விற்பனைக்கு வருகிற டீசல் ஸ்விஃப்டுகளில் கணிசமானவை நெடுஞ்சாலையில் ஓடி ஓடிக் களைத்தவை.

ஏன் ஸ்விஃப்ட்தான்? மெக்கானிக் அண்ணன் சொன்ன காரணமே எனக்கும் போதுமானதாக இருந்தது: "லால்குடியில நின்னாலும் பார்ட்ஸ் கிடைக்கும், முசிறியில நின்னாலும் ஆள் கிடைப்பான்." கிராண்ட் ஐ10 பார்த்தோம், உள்ளே உட்கார்ந்தால் அதுதான் சுகம், சந்தேகமே இல்லை. பிடித்த நிறத்தில், பிடித்த விலையில் சிக்கவில்லை. பழைய ஃபிகோ மலிவாக வந்தது. ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்து, மறைமலைநகர் ஆலையையும் மூடிய பிறகு, அக்காவைப் போலப் புதிதாக ஓட்டுகிறவருக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. எனக்காக இருந்தால் வாங்கியிருப்பேன், அது வேறு கதை.

ஆண்டு வரிசை

ஸ்விஃப்ட் இந்தியாவுக்கு வந்தது 2005 மே மாதம், 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சினோடு. 2007-ல் டீசல் சேர்ந்தது. 2010-ல் அந்த 1.3 பெட்ரோல் போய், 1.2 லிட்டர் கே-சீரிஸ் எஞ்சின் வந்தது. 1197 சிசி, நான்கு சிலிண்டர், டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். ஆகவே ‘2010 ஸ்விஃப்ட்’ என்று ஒருவர் சொன்னால் பானெட்டைத் திறக்காமல் அது எந்த எஞ்சின் என்று சொல்ல முடியாது. 2011 ஆகஸ்டில் இரண்டாம் தலைமுறை, 2014 அக்டோபரில் அதற்கு முகப்பு மாற்றம், 2018 பிப்ரவரியில் மூன்றாம் தலைமுறை.

இந்த 2018 பிப்ரவரிதான் பெரிய கோடு. நீளம் 3,840 மில்லிமீட்டர், பழையதைவிட ஒரு சென்டிமீட்டர் குறைவு. ஆனால் அகலம் 1,695-லிருந்து 1,735 ஆனது. டிக்கி 268 லிட்டர். பழைய ஸ்விஃப்டில் ஒரு பெட்டி வைத்தால் டிக்கி நிரம்பிவிடும். இதில் இரண்டு வைக்கலாம். எடையும் குறைந்தது. எல்லாவற்றையும்விட முக்கியம், அடிமட்ட எல்எக்ஸ்ஐ வகை முதற்கொண்டு இரண்டு ஏர்பேக், திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ். அதற்கு முந்திய உருவத்தில் உயர்ந்த வகை வாங்கினாலோ, பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ‘ஓ’ போட்ட வகை வாங்கினாலோதான் அவை கிடைக்கும். கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தரும் குளோபல் என்கேப் அமைப்பு, 2014-ல் ஏர்பேக் இல்லாத ஸ்விஃப்டை மோதிப் பார்த்தபோது பெரியவர்கள் பாதுகாப்புக்குக் கிடைத்தது பூஜ்யம். 2018-ல் மூன்றாம் தலைமுறைக்கு இரண்டு நட்சத்திரம். இரண்டு என்பது பெருமைப்படுகிற எண் இல்லை. ஆனால் பூஜ்யத்துக்கும் இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஏர்பேக்.

அதற்கு அடுத்த கோடுகள் சின்னவை, ஆனாலும் உண்டு. 2019 ஜூனில் பெட்ரோல் ஸ்விஃப்ட் பிஎஸ்-6 ஆனது. அதே ஆண்டு ஜூலை 1 முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் பின்பக்க பார்க்கிங் சென்சார், வேக எச்சரிக்கை, சீட் பெல்ட் நினைவூட்டி கட்டாயம். 80-ஐத் தாண்டினால் நிமிடத்துக்கு ஒருமுறை ‘டிங்’, 120-ஐத் தாண்டினால் விடாமல் அலறும். 2021 பிப்ரவரியில் முகப்பு மாறி, 83 குதிரைத்திறன் எஞ்சின் போய் 90 குதிரைத்திறன் டூயல்ஜெட் எஞ்சின் வந்தது. ஆக, 2021 ஜனவரி வண்டியும் 2021 மார்ச் வண்டியும் ஒரே ‘2021 மாடல்’ என்ற பெயரில் விற்பனைக்கு வருகின்றன, எஞ்சினோ வேறு வேறு. 2024-ல் வந்தது மூன்று சிலிண்டர், ஆறு ஏர்பேக். அது எங்கள் கைக்கு எட்டாதது.

ஆக எங்கள் இலக்கு: 2018 பிப்ரவரிக்குப் பிறகு தயாரானது, முடிந்தால் 2019 ஜூலைக்குப் பிறகு. பின்பக்க சென்சார் அக்காவுக்கு ஆடம்பரம் இல்லை, அவசியம். அவள் ரிவர்ஸ் எடுப்பதைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

முதல் வண்டி

அந்த வெள்ளை வண்டிக்கு நாலு லட்சத்து நாற்பதாயிரம் சொன்னார்கள். ஸ்டியரிங்கின் நடுவில் ஏர்பேக் முத்திரை இல்லை, வெறும் பிளாஸ்டிக் மூடி. எஞ்சின் சத்தம் சுத்தமாக இருந்தது, பாடியில் டிங்கரிங் வேலை பார்த்த அடையாளமும் இல்லை. மூன்று லட்சத்து முப்பதுக்கு வந்திருந்தால் வேறு யாருக்காவது தாராளமாகச் சொல்லியிருப்பேன்.

"2017 நவம்பர்ல ரெடியான வண்டியை 2018-னு சொல்றீங்களே?" என்றேன்.

"ஆர்சியில 2018-னுதானே சார் இருக்கு?"

"அதே ஆர்சியில ரெண்டு தேதி இருக்குண்ணே."

சிரித்துக்கொண்டே டீ வாங்கி வரச் சொன்னார். நல்ல மனுஷர்தான். எத்தனை பேர் அந்த இரண்டாவது தேதியைப் பார்க்கிறார்கள் என்பதுதான் அவருடைய தொழில் ரகசியம்.

கார்டைக் கையில் கொடுக்கத் தயங்குகிற இடங்களில் அரசின் எம்-பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டாலே நிறைய தெரிந்துவிடும்: பதிவுத் தேதி, எரிபொருள், பிஎஸ் தரம், இன்சூரன்ஸ் எதுவரை, கடன் இருக்கிறதா. தயாரான மாதத்தை மட்டும் கார்டிலேயே பார்த்துக்கொள்வது உத்தமம். அதுவும் சந்தேகமாக இருந்தால் சீட் பெல்ட்டை அடிவரை இழுத்தால் ஒரு துணிச் சீட்டு தைத்திருக்கும். பெல்ட் தயாரான தேதி அதில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். ஓடுகிற டயர்கள் மாறியிருக்கலாம். ஸ்டெப்னியை யாரும் சீக்கிரம் மாற்றுவதில்லை, அதனால் ஸ்டெப்னி பொய் சொல்லாது.

இரண்டாவது வண்டி

இதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும். ஏனென்றால் கிட்டத்தட்ட வாங்கிவிட்டோம்.

சிவப்பு இசட்எக்ஸ்ஐ, மேல்தட்டு வகை. அலாய் வீல், 15 அங்குல டயர். மூன்றாம் தலைமுறை. தயாரானது 2018 பிப்ரவரி, பதிவு அதே ஆண்டு மார்ச், சென்னைப் பதிவெண். ஓடியது 52,000. விலை நாலு எழுபது. "டாக்டர் ஓட்டின வண்டி" என்றார்கள். பழைய கார் சந்தையில் டாக்டர் ஓட்டாத வண்டியை நான் இதுவரை பார்க்கவில்லை. அக்காவுக்கு நிறம் பிடித்துவிட்டது. "டேய், இதையே முடிச்சிரலாம்டா" என்று என் காதில் சொன்னாள்.

என் மனதில் முதலில் அடித்த மணி, அந்த பிப்ரவரி. 2018 மே மாதத்தில் மாருதி 52,686 ஸ்விஃப்ட், பலேனோ வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சோதித்தது. 2017 டிசம்பர் 1 முதல் 2018 மார்ச் 16 வரை தயாரானவை. காரணம், பிரேக்கின் வேக்யூம் ஹோஸில் குறை இருக்கலாம் என்பது. காலால் மிதிக்கிற பலத்தை எஞ்சினின் உறிஞ்சு சக்தியைக் கொண்டு பெருக்கித்தான் பிரேக் பிடிக்கிறது. அந்தச் சக்தியைக் கொண்டுபோகிற குழாய்தான் இது. அது விட்டுப்போனால் பிரேக் முற்றிலும் போகாது, ஆனால் பெடல் கல்லாக இறுகும். புதிதாக ஓட்டுகிறவர் அந்த நொடியில் என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

இதைச் சோதிப்பது எளிது. எஞ்சின் அணைந்திருக்கும்போது பிரேக் பெடலை நாலைந்து தடவை மிதித்தால் அது இறுகிக்கொள்ளும். இறுகிய பெடலில் காலை வைத்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் காலுக்கடியில் மெல்ல ஒரு விரல் அளவு இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் வேக்யூம் வரவில்லை. இந்த வண்டியில் ஒழுங்காக இறங்கியது. சேஸிஸ் எண்ணைக் கொண்டு, திரும்ப அழைத்தபோது வேலை முடிந்ததா என்றும் விசாரித்தோம், முடிந்திருந்தது.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். திரும்ப அழைத்த வண்டி என்றாலே மோசம் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குறையைக் கம்பெனியே ஒப்புக்கொண்டு இலவசமாக மாற்றித் தந்திருக்கிறது. மாற்றியாயிற்றா என்பதை உறுதி செய்துகொண்டால் அந்த வண்டிக்கும் மற்றதுக்கும் வித்தியாசம் இல்லை. 2019 ஜனவரி 8 முதல் நவம்பர் 4 வரை தயாரான பெட்ரோல் பலேனோவுக்கும் ஃபியூல் பம்ப் சோதனை 2020-ல் அறிவித்தார்கள். அதே பட்ஜெட்டில் பலேனோ பார்க்கிறவர்கள் இந்தத் தேதிகளை ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாம். இங்கேயும் வருஷம் மட்டும் தெரிந்தால் போதாது, மாதம் வேண்டும்.

பிரேக் சரி. ஆனால் கதவைத் திறந்ததும் ஒரு வாசனை. மல்லிகை மாதிரி, தலைவலிக்கிற அளவுக்கு. நாலு மூலையிலும் ஃப்ரெஷ்னர் தொங்கியது. சென்னை வண்டி, 2018 தயாரிப்பு. அப்படியென்றால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையின்போது அது சென்னையில் இருந்திருக்க வேண்டும். வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் வெள்ளத்தில் எப்படி நின்றன என்பதை டிவியில் பார்த்தவன் நான்.

மெக்கானிக் அண்ணன் பேசாமல் முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, தரையில் மண்டியிட்டு, போன் டார்ச்சை அடித்தார். சீட் ஓடுகிற தண்டவாளத்தின் போல்ட்டுகளில் காவி நிறத் துரு. மேலே சீட் துணி புத்தம்புதுசு. பிறகு டிரைவர் பக்க பெல்ட்டை இழுத்தார், இழுத்துக்கொண்டே போனார். கடைசி ஒரு முழம் வேறு நிறத்தில் வந்தது. கறுப்புப் பெல்ட்டில் சாம்பல் கோடு, குறுக்கே, ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி. விரலால் தேய்த்துக் காட்டினார், நுணுக்கமான வண்டல்.

"தண்ணி இதுவரைக்கும் நின்னிருக்கு" என்று இடுப்புக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார்.

ஸ்டெப்னியைத் தூக்கினால் அடியில் பளபளவென்று சுத்தம். ஏழு வருஷ வண்டியின் ஸ்டெப்னி குழி அவ்வளவு சுத்தமாக இருக்கக் கூடாது. ஸ்கேனரை மாட்டினால் கோளாறு ஒன்றும் காட்டவில்லை. ஆனால் வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் பல ‘முடியவில்லை’ என்று நின்றன. யாரோ அன்றோ முந்தின நாளோ பழைய கோளாறுகளை அழித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு வண்டி போதுமான தூரம் ஓடவில்லை என்று அர்த்தம்.

வெள்ளத்தில் நின்ற வண்டி ஓடாதா? ஓடும். ஒரு வருஷம் நன்றாகவே ஓடும். ஆனால் ஏர்பேக்கை இயக்குகிற பெட்டி பொதுவாக நடு கன்சோலுக்கு அடியில், தரையோடு ஒட்டி இருக்கிறது. தண்ணீர் சீட் உயரத்துக்கு நின்றிருந்தால் அது நனையாமல் இருக்க வழியில்லை. கம்பி இணைப்புகளுக்குள் பச்சை பூத்து, எந்த நாளில் எது விட்டுப்போகும் என்று யாரும் சொல்ல முடியாது. ஏர்பேக்குக்காகத்தான் 2018 பிப்ரவரிக்குப் பிந்திய வண்டி தேடினோம். அந்த ஏர்பேக்கே விரியுமா என்று தெரியாத வண்டியை வாங்கி என்ன செய்வது?

விற்றவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "கார் வாஷ்ல தண்ணி ஜாஸ்தி அடிச்சிருப்பாங்க சார்" என்றார். வீடு வந்து சேரும்வரை அக்கா ஒன்றும் பேசவில்லை. அந்தச் சிவப்பு நிறம் அவளை ஒரு வாரம் விடவில்லை.

இடையில் ஒரு வரிக் குறைப்பு

2025 ஆகஸ்ட் 15 அன்று ஜிஎஸ்டி குறையப்போகிறது என்று பிரதமர் பேசிய பிறகு சந்தை அப்படியே நின்றது. செப்டம்பர் 22 முதல் சின்னப் பெட்ரோல் கார்களுக்குச் செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 29 சதவீதமாக இருந்த வரி 18 ஆனது. நான்கு மீட்டருக்குள் நீளம், 1200 சிசிக்குள் எஞ்சின் என்பது கணக்கு. ஸ்விஃப்ட் அதற்குள் அடங்கும். 2024-ல் 6.49 லட்சத்தில் ஆரம்பித்த புது ஸ்விஃப்டின் ஷோரூம் விலை ஆறு லட்சத்துக்குக் கீழே இறங்கியது. "பேசாம புதுசே வாங்கிடலாமா?" என்று மாமா கேட்டார். ரோடு டேக்ஸ், இன்சூரன்ஸ் சேர்த்தால் நம் கைக்கு எட்டாது என்று தெரிந்தும் இரண்டு நாள் அந்தப் பேச்சு வீட்டில் ஓடியது. அதனால் எங்களுக்குக் கிடைத்த நன்மை வேறு: பழைய வண்டி விற்கிறவர்களின் குரல் இறங்கியது.

மூன்றாவது வண்டி

பெரம்பலூரில் ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவருடையது. புரோக்கர் இல்லை, மாமாவின் அலுவலகத்தில் ஒருவர் சொல்லி வந்தது. சாம்பல் நிற விஎக்ஸ்ஐ (நடுத்தர வகை) பெட்ரோல், கியர் வண்டி. தயாரானது 2019 செப்டம்பர், பதிவு அக்டோபர். பிஎஸ்-6. ஸ்டெப்னியில் 3219, அதாவது 2019-ன் 32-வது வாரம். ஆகஸ்டில் வந்த டயர், செப்டம்பரில் ஏறிய வண்டி, கணக்கு இடிக்கவில்லை. ஓடியது 46,210. பெரியவர் சர்வீஸ் பில்களை ஒரு துணிப்பையில் வைத்திருந்தார், ஒன்று விடாமல், சிலவற்றில் பேனாவால் குறிப்பு வேறு: ‘ஹாரன் சத்தம் குறைவு, சரி செய்தார்கள்’. கடைசி பில்லில் 44,870 கிலோமீட்டர். மீட்டரைத் திருப்பியிருக்க வாய்ப்பில்லை.

குறையே இல்லையா என்றால், நிறைய இருந்தது. இடது முன் ஃபெண்டர் மாற்றியது; பானெட்டைத் திறந்தால் அந்தப் பக்கம் போல்ட் தலைகளில் ஸ்பேனர் பட்டு பெயிண்ட் உரிந்திருந்தது. கேட்டவுடனே "பேரன் கேட்டுல இடிச்சிட்டான்" என்றார். உள்ளே ஏப்ரன் எனும் உள்தகட்டில் மடிப்போ வெல்டிங்கோ இல்லாததால் விட்டுவிட்டோம். டயர்களில் பள்ளம் இருந்தது, ஆனால் ஆறு வருஷ ரப்பர். பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகள். கிளட்ச் மிக மேலே பிடித்தது, தேய்ந்ததன் அடையாளம். வேகத்தடை ஏறி இறங்கினால் இடது முன்பக்கம் ‘கட்’ என்றது. காரணம் லோயர் ஆர்ம் புஷ், சக்கரத்தைத் தாங்கும் கம்பியின் ரப்பர்.

கையால் கியர் மாற்றத் தேவையில்லாத ஏஎம்டி வண்டி வேண்டும் என்பது அக்காவின் ஆரம்பகால ஆசை. ஏஎம்டி என்பது வழக்கமான கியர்பாக்ஸ்தான். நம் காலும் கையும் செய்கிற வேலையை ஒரு இயந்திரம் செய்கிறது. வாரன்டி முடிந்த வண்டியில் அந்த இயந்திரத்துக்கு ஏதாவது வந்தால் எங்கள் ஊர் மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது என்று நான் மறுத்தேன். இப்போது யோசித்தால் நான் கொஞ்சம் பிடிவாதம் பிடித்துவிட்டேனோ என்று தோன்றுகிறது. சத்திரம் பேருந்து நிலையப் பக்கம் மாலை ஐந்தரை மணிக்கு அக்கா படுகிற பாட்டை நான் படவில்லை.

பெரியவர் ஐந்து லட்சத்து ஐந்தாயிரம் கேட்டார். டயர், கிளட்ச், புஷ் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, நாலு லட்சத்து அறுபத்தைந்தில் முடிந்தது. மாமா இன்னும் ஐயாயிரம் குறைக்கப் பார்த்தார். "அந்தத் துணிப்பைக்கே அஞ்சாயிரம் குடுக்கலாம் மாமா" என்று நான்தான் நிறுத்தினேன்.

காகித வேலை

வண்டி வாங்க ஒரு நாள், பெயர் மாற்ற ஐந்து வாரம். பெரியவர் கடனை 2023-லேயே கட்டி முடித்துவிட்டார், ஆனால் ஆர்சியில் உள்ள கடன் குறிப்பை நீக்கவில்லை (‘ஹெச்பி கேன்சல்’ என்பார்கள்). வங்கியிலிருந்து என்ஓசி எனும் ஆட்சேபணையில்லாச் சான்று, கடன் குறிப்பை நீக்கப் படிவம் 35, அது முடிந்த பிறகுதான் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30. விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். அவருடைய வங்கிக் கிளை வேறொன்றோடு இணைந்துபோய், கோப்பைத் தேடவே ஒரு வாரம். ஆப்பில் கடன் விவரத்தை முன்பே பார்த்திருந்தும் ‘கட்டியாச்சு’ என்ற வார்த்தையோடு நிறுத்திக்கொண்டது என் தவறு. என்ஓசியைக் கையில் வாங்கிய பிறகு முழுப் பணத்தையும் கொடுத்திருக்க வேண்டும்.

இன்சூரன்ஸில் இன்னொன்று. இழப்பீடு கேட்காத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, அதாவது நோ கிளெய்ம் போனஸ், வண்டிக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம். பெரியவரின் 50 சதவீதம் அக்காவுக்கு வராது. மூன்றாம் நபர் பாதுகாப்பு வண்டியோடு தொடரும். ஆனால் நம் வண்டிக்கு அடிபட்டால் கிடைக்கிற பகுதி, 14 நாளுக்குள் கம்பெனிக்குத் தெரிவித்து மாற்றாவிட்டால் சிக்கல்தான். ஆர்சி வரட்டும் என்று காத்திருக்காமல் முதல் வாரமே அதற்கு எழுதிக் கொடுத்துவிட்டோம்.

செலவுக் கணக்கு

நான்கு டயர் 18,400. பேட்டரி 5,200. லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராட், வீல் அலைன்மென்ட் சேர்த்து 4,600. ஆயில், ஃபில்டர், கூலண்ட், பிரேக் ஆயில் எல்லாம் மாற்றிய முதல் சர்வீஸ் 5,100. பழைய வண்டி என்பதால் எரிபொருள் குழாய்களின் ரப்பரையும் பார்க்கச் சொன்னேன். 2023 ஏப்ரலுக்குப் பிந்திய வண்டிகள்தான் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கென்று தயாரானவை. இது அதற்கு முந்தியது, பங்க்கில் கிடைப்பதோ அந்தப் பெட்ரோல்தான். வெடிப்பு, கசிவு எதுவும் இல்லை. அடுத்த சர்வீஸிலும் பார்க்க வேண்டும். கிளட்ச் செட்டைத் தள்ளிப்போட்டிருக்கிறோம்; புதிதாக ஓட்டுகிறவர் காலில் எப்படியும் இன்னொன்று தேயும், பழகுகிற காலம் பழையதோடு போகட்டும் என்பது மெக்கானிக் அண்ணனின் யோசனை.

மூன்று மாதத்தில் 3,100 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. டேங்க் நிரப்பி நிரப்பிக் கணக்குப் பார்த்ததில் லிட்டருக்கு 16. மாமா ஒருமுறை நெடுஞ்சாலையில் மதுரை வரை ஓட்டிப்போய் 19 வாங்கினார். ஆனால் 80-ஐத் தாண்டும்போதெல்லாம் வருகிற அந்த ‘டிங்’ சத்தத்தை நிறுத்த ஒயர் எதுவாவது இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் போய் ரகசியமாகக் கேட்டிருக்கிறார். விஷயம் தெரிந்து அக்கா வண்டிச் சாவியைத் தன் கைப்பைக்கு மாற்றிக்கொண்டாள்.

இடது பின்கதவில் காற்றுச் சத்தம் ஒன்று வருகிறது. ரப்பர் பீடிங் மாற்றியும் போகவில்லை. பொங்கல் கழித்துப் பார்க்கலாம் என்று இருக்கிறோம்.